ஒரே தவளையின் இரண்டு கால்கள்

பேப்பர் வெயிட் பறந்து வந்தபோது அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். கொழுந்தன் குனியவில்லை. அவன் ஏற்கெனவே மேஜைக்கு அடியில் இருந்தான்.

கண்ணாடி உருண்டை சுவரில் மோதி விழுந்தது. மோதிய இடத்துக்கு நேர் மேலே ஒரு விளம்பரப் பலகை. அதில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நால்வரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘சாந்தச் சொட்டு. காலையில் பத்துச் சொட்டு, கோபத்துக்கு அன்று விடுமுறை.’

“திருட்டு! என் கம்பெனிக்குள்ளேயே திருட்டு!” என்று கத்தினார் முதலாளி.

“சார், நீங்க இந்தச் சொட்டு சாப்பிடறது இல்லையா?” என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“தினமும் ஒரு பாட்டில் குடிக்கிறேன்யா!”

“அப்ப குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்திருப்பீங்கன்னு யோசிக்கிறேன்.”

“தம்பி, எழுந்து வா” என்றாள் அண்ணி.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்டவர்களையும் சாகாத மாமனாருக்குப் பணம் கேட்டவர்களையும் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவள் அவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கணவனின் தம்பிதான் உதவியாளன். வாய் காரணமாக மூன்று வேலைகளை இழந்தவன். அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே இடம் இதுதான். அவன் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வாடிக்கையாளர்கள், வக்கீல்கள், போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அறையின் மூலையில் இருந்த சோபாவில் ஓர் இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் வெயிட் அவர் பக்கமாகத்தான் போயிற்று. டம்ளரை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

“விஷயத்தைச் சொல்லுங்க சார்” என்றாள் அண்ணி.

“ஒரு பொண்ணை வேலைக்கு வச்சேன். நரம்பு ஆராய்ச்சியில பெரிய படிப்பு. தினமும் காலையில ஒரு தவளையோட ரெண்டு தொடைத் தசையையும் நரம்போட எடுத்து வைப்பா. இடது கால் மேல என் டெமோ ரூமுக்கு. வலது கால் கீழ அவ லேபுக்கு. நரம்புல கரண்ட் கொடுத்தா தசை துள்ளும். மேல, என் கையால சாந்தச் சொட்டு விட்டா, துள்ளறது நிக்குது. கீழ, அவ விட்டா நிக்கலையாம். ஒரே தவளை! அது இடது கால்ல சாந்தமாவும் வலது கால்ல கோபமாவுமா இருக்கும்?”

“எங்க பெரியப்பா அப்படித்தான் சார்” என்றான் கொழுந்தன். “ஆபீஸ்ல வைக்கிற கால் ஒரு மாதிரி, வீட்டுக்குள்ள வைக்கிற கால் வேற மாதிரி.”

“நிஜ மருந்தைத் திருடி எவனுக்கோ வித்துட்டு, பாட்டில்ல கலர் தண்ணியை ஊத்தி வச்சிருக்கா. அதான் அவ பாட்டில் வேலை செய்யலை. கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் அவ மூஞ்சிக்கு நேராச் சொன்னேன், நீ ஒரு திருடின்னு. நாலு மணிக்கு டீலர்ங்க வர்றாங்க, அறிமுக விழா. அதுக்குள்ள மருந்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு நீங்க கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சாலும் இல்லைன்னாலும் இவர் அவளைக் கூட்டிட்டுப் போகணும்.”

இவர் என்று கை காட்டப்பட்ட இன்ஸ்பெக்டர், டீயை ஒரு மிடறு குடித்துத் தலையாட்டினார்.

“எங்க ஒளிச்சாங்கங்கறது அப்புறம்” என்றாள் அண்ணி. “திருடினாங்களான்னு முதல்ல பார்க்கறேன்.”

* * *

கீழ்த்தள லேபில் அந்த ஆராய்ச்சிப் பெண் தனியாக இருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் கைகள் வேலையை விடவில்லை. ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர். அதற்குள் நாடா போல ஒரு மெல்லிய தசை. அதிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு நரம்பு வெளியே வந்து இரண்டு கம்பிகள் மேல் படுத்திருந்தது. கருவி ‘டிக்’ என்று சொல்லும்போதெல்லாம் தசை துள்ளியது. பக்கத்துத் திரையில் கோடு ஒன்று எகிறிக் குதித்தது.

“என்னை நீங்க நம்பணும்னு கேட்க மாட்டேன் மேடம்” என்றாள். “நீங்களே பாருங்க.”

பழுப்பு நிறச் சொட்டைத் தொட்டியில் விட்டாள். தசை துள்ளியது. இன்னும் கொஞ்சம் விட்டாள். துள்ளியது. தாராளமாகவே ஊற்றினாள். தசை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“என் அண்ணன்கிட்ட நீங்க பேசற மாதிரியே இருக்கு அண்ணி” என்றான் கொழுந்தன்.

“தம்பி, வாயை மூடு. நீங்க சொல்லுங்கம்மா. இந்தச் சொட்டு என்ன பண்ணும்னு முதலாளி சொல்றார்?”

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “நரம்பு தசையைத் தொடறதே இல்ல மேடம். நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. தலைமுடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குதான், ஆனா இடைவெளி இடைவெளிதான். நரம்புல வர்ற மின்சாரம் அதைத் தாண்டாது.”

“பின்ன சேதி எப்படிப் போகும்?”

“நரம்போட நுனியில குட்டிக் குட்டிப் பைங்க இருக்கு. அதுக்குள்ள ரசாயனம். மின்சாரம் நுனிக்கு வந்ததும் அங்க சில கதவுங்க திறக்கும். வெளியில தண்ணியில இருக்கற கால்சியம் அது வழியா உள்ள பாயும். கால்சியம் வந்தாத்தான் பைங்க ஓரத்துச் சுவரோட ஒட்டி, வாய் திறந்து, ரசாயனத்தைக் கொட்டும். அது இடைவெளியைத் தாண்டிப் போய்த் தசையில உட்காரும். தசை துள்ளும். இவ்வளவும் கண்ணை இமைக்கறதுக்குள்ள.”

“கால்சியம் வரலைன்னா?”

“மின்சாரம் வந்துக்கிட்டே இருக்கும். பைங்க நிறைஞ்சே இருக்கும். ஒண்ணும் வெளியில வராது.”

“எங்க பழைய ஆபீஸ்!” என்று துள்ளினான் கொழுந்தன். “ஃபைல் மேஜை வரைக்கும் வந்துடும். அடுக்கி அடுக்கி வச்சிருப்பாங்க. மேனேஜர் தலையாட்டினாத்தான் அடுத்த மேஜைக்குப் போகும். அவர் லீவு போட்டா ஃபைல் அங்கேயே குஞ்சு பொரிக்கும்.”

முதல் தடவையாக அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. “முதலாளி சொல்றது என்னன்னா, சொட்டு போய் அந்தப் பைங்களைத் திறக்க விடாம தடுக்குதாம். அதனால கோபச் சேதி போகாதாம். தவளைத் தொடையில கோபத்துக்குன்னு நரம்பு கிடையாது சார்னு சொன்னேன். அன்னிக்குத்தான் முதல் பேப்பர் வெயிட். அதோட, உடம்பு முழுக்க நிஜமாவே அப்படித் தடுத்தா கோபம் மட்டுமா நிக்கும்? மூச்சும் நிக்கும்.”

“ரொம்பவே சாந்தமாயிடுவாங்க” என்றான் கொழுந்தன்.

“எனக்கு வேலை போனாப் பரவாயில்ல மேடம்” என்றாள் அவள். “திருட்டுக் கேஸ் விழுந்தா இனிமே எந்த லேபும் வாசல்லயே நிறுத்திடும். எங்கப்பா தினமும் பேப்பரை முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கறவர்.”

அண்ணி மேஜை மேல் மூடி இல்லாமல் நின்ற பழுப்பு பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எப்பத் திறந்தது?”

“நேத்துத் திறந்தேன். மூடி எங்கேயோ உருண்டு போச்சு.”

“இது எங்கிருந்து வருது?”

“சாறு எடுக்கற ரூம்ல இருந்து. வேரை அரைச்சு, வடிகட்டி, வேற எதுவும் சேராம சுத்தமா எனக்கு ஒரு பாட்டில் அனுப்புவாங்க. சுத்தமா இருந்தாத்தானே மேடம் சோதனை?”

* * *

மேல் மாடி டெமோ ரூமில் சிவப்புத் திரை, வட்ட விளக்கு, வரிசையாகக் குஷன் நாற்காலிகள். தவளையின் இடது கால் ஒரு கல்யாணப் பெண் மாதிரி வெளிச்சத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் உட்கார்ந்தார். இரண்டாவது டீ வந்தது.

முதலாளி, மின்னும் லேபிள் ஒட்டிய ஒரு பாட்டிலைத் திறந்து, தொட்டியில் தாராளமாகச் சொட்டினார். திரையில் கோடு குதித்தது. அடுத்த தடவை பாதி குதித்தது. அதற்கடுத்த தடவை சோம்பல் முறிப்பது போல லேசாக நெளிந்தது. பிறகு படுத்துவிட்டது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று மேஜையைக் குத்தினார். “சாந்தம்!”

தொட்டி ஆடியதில் தண்ணீர் சிந்தியது. கொழுந்தன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனவன், கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

“கடிச்சிடுச்சு! அண்ணி, இங்க எறும்பு!”

ஜன்னலோரத்தில் தொடங்கிய எறும்பு வரிசை, திரையைத் தாண்டி, மேஜைக் கால் வழியாக ஏறி, லேபிள் ஒட்டிய பாட்டிலின் கழுத்தில் முடிந்தது. அண்ணி கிட்டத்தட்ட மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

“கீழ, நேத்துல இருந்து மூடி இல்லாம ஒரு பாட்டில் நிக்குது” என்றாள். “ஒரு எறும்பு கூட அது பக்கம் போகலை. தம்பி, ஓடிப் போய் அதுல கொஞ்சம் கொண்டு வா.”

அவன் கொண்டுவந்தான். அண்ணி இரண்டு ஸ்பூன்களை நீட்டினாள்.

“எனக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா அண்ணி?”

“உங்கண்ணன் கட்டறார். குடி.”

முதலில் லேபிள் பாட்டில். நாக்கைச் சுழற்றினான். “அட, இனிப்பும் புளிப்புமா நல்லாத்தான் இருக்கு.” அடுத்தது லேப் பாட்டில். முகம் கசக்கிய காகிதம் போலாயிற்று. ஜன்னலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தான். “இது நாக்குக்குத் தண்டனை!”

“அப்படிச் சொல்லுங்க!” என்று முதலாளி எழுந்துவிட்டார். “நான் தினமும் குடிக்கறது அந்த இனிப்பு புளிப்புதான். அதுதான் என் மருந்து. அவ வச்சிருக்கறது வேற என்னமோ. திருடி மாத்திட்டான்னு இதைவிட என்ன சாட்சி வேணும்? இன்ஸ்பெக்டர்!”

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

கொழுந்தன் அண்ணியின் காதருகே போனான். “அந்தப் பொண்ணைக் காப்பாத்த வந்து, நாமளே விலங்கு மாட்டிட்டோமா?”

“ஒரு நிமிஷம் இன்ஸ்பெக்டர்” என்றாள் அண்ணி. “சார், கலர் தண்ணியைப் போலி மருந்துன்னு வைக்கறவங்க, அதுல இவ்வளவு கசப்பை எதுக்குக் கஷ்டப்பட்டுச் சேர்க்கணும்? குடிக்கறவங்களை ஏமாத்த நினைக்கறவன் இனிப்பைத்தானே சேர்ப்பான்? சரி, இதைச் சொல்லுங்க. உங்க வேர் இருக்கே, அதோட சாறு கசக்குமா, இனிக்குமா?”

முதலாளி விழித்தார். “அது… எனக்கு எப்படித் தெரியும்?”

“மருந்து உங்களோடது.”

“நான் முதலாளிம்மா. நான் எதுக்கு வேரை நக்கிப் பார்க்கணும்?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எறும்பு படிக்காதது” என்றாள் அண்ணி. “லேபிளைப் பார்க்காது. பாட்டில்ல என்ன இருக்குன்னுதான் பார்க்கும். மாறினது கீழ இருக்கற மருந்தா, மேல இருக்கறதான்னு நாமளும் போய்ப் பார்த்துடுவோம். வா தம்பி.”

* * *

பாட்டில் நிரப்பும் அறையில் இயந்திரம் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது. சாறு எடுக்கிற அறையிலிருந்து பழுப்புச் சாறு டிரம் டிரம்மாக வந்து இறங்கியது. டிரம்முக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு பெரிய கலக்கும் தொட்டி. தரையெல்லாம் மஞ்சள் தூள். தூளெல்லாம் எறும்பு.

“இது என்ன மூட்டை?” என்று கேட்டாள் அண்ணி.

“ருசிப் பொடி மேடம்” என்றார் ஃபோர்மேன். “ஒரு டிரம்முக்கு ஒரு மூட்டை கொட்டணும். சின்னவர் உத்தரவு.”

“முதலாளிக்குத் தெரியுமா?”

“சின்னவர் சொன்னா முதலாளி சொன்ன மாதிரிதானே.”

“லேபுக்குச் சொன்னீங்களா?”

ஃபோர்மேன் அவளைப் பாவமாகப் பார்த்தார். “லேபுக்கு எதுக்கு மேடம்? அவங்க மருந்து டிபார்ட்மெண்ட். இது ருசி டிபார்ட்மெண்ட்.”

பின்னாலிருந்து சென்ட் வாசனை வந்தது. அதைத் தொடர்ந்து சின்னவர் வந்தார். முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர், விற்பனைக்குத் தலைவர். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு.

“ஐடியா என்னோடதுதான்” என்றார் பெருமையோடு. “முதல்ல வந்த சாறு பயங்கரக் கசப்பு. யோசிச்சுப் பாருங்க. கோபம் குறையணும்னு ஒருத்தன் குடிக்கிறான். வாயில வச்சதும் கசக்குது. அவனுக்கு என்ன வரும்?”

“கோபம்” என்றான் கொழுந்தன்.

“அதேதான்! மருந்தே கோபத்தை உண்டாக்கினா அது மருந்தா? அதனால எலுமிச்சை ருசி. சர்க்கரை, மஞ்சள் கலர், அப்புறம் புளிப்பு உப்பு கொஞ்சம் தூக்கலா. மாமாவுக்கே ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கசப்பு எங்க போச்சுன்னு அவர் கேட்கவே இல்ல.”

“முதல்ல கசந்ததுன்னு அவருக்குத் தெரியவே தெரியாதே” என்றான் கொழுந்தன்.

அண்ணி ஒரு கைப்பிடி மஞ்சள் பொடியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டினாள். “நீங்களும் வாங்க சார். உங்க ஐடியாவை அந்தப் பொண்ணுக்கு அறிமுகம் பண்ணி வைக்கலாம்.”

* * *

லேபில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளி, இன்ஸ்பெக்டர், பின்னாலேயே மூன்றாவது டீயோடு ஒருவர். மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் முதலாளியின் குரல் பட்டுத் துணி ஆகிவிட்டதைக் கொழுந்தன் கவனித்தான்.

“வாங்க மாப்பிள்ளை. நீங்க எதுக்கு இங்கெல்லாம் வந்துக்கிட்டு? உட்காருங்க. ஃபேன் போடட்டுமா?”

அண்ணி பொட்டலத்தை ஆராய்ச்சிப் பெண்ணிடம் கொடுத்தாள். “பாட்டில்ல போறதுக்கு முன்னாடி இதைச் சேர்க்கறாங்க. சர்க்கரை, கலர், புளிப்பு உப்பு.”

“புளிப்பு உப்பா?” அவள் பொடியை விரலில் தேய்த்தாள். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். “சிட்ரேட்.”

“அப்படின்னா?”

“காட்டறேன்.”

தொட்டியில் புதுத் தண்ணீர் மாற்றினாள். தவளையின் வலது கால் தசை உற்சாகமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. மஞ்சள் பொடியைக் கொஞ்சம் உப்புத் தண்ணீரில் கரைத்து உள்ளே விட்டாள். கோடு குதித்தது. பாதி குதித்தது. நெளிந்தது. படுத்தது.

“அப்பாடா!” என்றார் முதலாளி. “இப்பவாவது ஒழுங்கா என் மருந்தை விட்டியே. இதுல எத்தனை சொட்டு இருக்கு?”

“ஒரு சொட்டு கூட இல்ல சார். இது வெறும் எலுமிச்சைப் பொடி.”

அறையில் டீ உறிஞ்சும் சத்தம் நின்றது.

“தசை செத்துப் போகலை, பாருங்க” என்று கம்பியை நேராகத் தசை மேல் வைத்தாள். தசை துள்ளியது. “நரம்புலயும் மின்சாரம் நல்லாத்தான் வருது. நடுவுல இருக்கற இடத்துலதான் வேலை நின்னு போச்சு. இந்த உப்பு, தண்ணியில இருக்கற கால்சியத்தைக் கட்டிப் பிடிச்சுக்கும். ரத்த வங்கியில ரத்தம் உறையாம இருக்க இதைத்தான் போடறாங்க. கால்சியம் சிக்கிக்கிட்டா நரம்பு நுனியில பைங்க திறக்காது. இப்ப பாருங்க.”

ஒரு குழாயில் கால்சியம் கரைசலை எடுத்துத் தொட்டியில் விட்டாள். எல்லோரும் திரையையே பார்த்தார்கள். கோடு நெளிந்தது. பாதி எழுந்தது. துள்ளிக் குதித்தது.

“மேல உங்க டெமோவுல தசையை அடக்கினது எலுமிச்சை சார். மருந்து இல்ல. இந்தத் தொட்டியில கால்சியம் துளியூண்டு, அதனால சிக்கிடுச்சு. மனுஷ உடம்புல எலும்பு முழுக்க கால்சியம். பத்துச் சொட்டு எலுமிச்சை அதை ஒண்ணும் பண்ணாது.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “தப்பு என் பேர்லயும் இருக்கு. சுத்தமான சாறைத்தான் சோதிக்கணும்னு படிச்சவ நான். பளபளன்னு லேபிள் ஒட்டின பாட்டிலைத் திறந்து பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

“அவருக்கு லேபிள் ஒட்டாத பாட்டிலைத் திறக்கத் தோணலை” என்றாள் அண்ணி. “ரெண்டு பேரும் ரெண்டு மருந்தை வச்சுக்கிட்டு ஒரே மருந்துன்னு சண்டை போட்டிருக்கீங்க. இங்க திருட்டே நடக்கலை சார். நடந்தது சமையல்.”

முதலாளி மெதுவாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை அவரைத் தோளோடு அணைத்து ஓரமாக நடத்திப் போனார். லேப் சின்னது. ஓரத்தில் பேசியதும் எல்லோர் காதிலும் விழுந்தது.

“மாமா, பதற்றப்படாதீங்க. இதுவும் நல்லதுக்குத்தான். புகார் அப்படியே இருக்கட்டும். ‘மருந்து ரகசியம் திருட்டு’ன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா, திருடற அளவுக்கு அதுல விஷயம் இருக்குன்னு ஊரே நம்பும். விளம்பரச் செலவு மிச்சம். கேஸ் எப்படியும் நிக்காது. கொஞ்ச நாள் போனதும் நாமளே வாபஸ் வாங்கிக்கலாம். இந்தப் பொண்ணு சின்னப் பொண்ணுதானே, வேற வேலை கிடைக்கும்.”

“சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “யார் பேரை எழுதணுமோ சொல்லுங்க. எழுதறேன்.”

முதலாளியின் முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. காது நுனி வரைக்கும் ரத்தம் ஏறிற்று. வாய் திறந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து இந்த மனிதரிடம் அவர் குரலை உயர்த்தியதே இல்லை.

“அண்ணி” என்று கிசுகிசுத்தான் கொழுந்தன். “மின்சாரம் நுனி வரைக்கும் வந்துடுச்சு. பைதான் திறக்கலை.”

ஆராய்ச்சிப் பெண் எழுந்து முதலாளிக்கு நேர் எதிரே போய் நின்றாள். “சார், கேன்டீன்ல என்னை ஒரு வார்த்தை சொன்னீங்க. அப்ப உங்களுக்கு விஷயம் தெரியாது. இப்பத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, என் முகத்தைப் பார்த்து, அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க. நானே இவரோட ஜீப்புல ஏறிப் போறேன்.”

முதலாளி அவளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

“சொல்லிடுங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. “ஒரு வார்த்தைதானே.”

“வாயை மூடுடா முட்டாள்!”

அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது.

“எலுமிச்சை கலந்தது நீ! என்கிட்டச் சொல்லாதது நீ! ஜெயிலுக்கு இந்தப் பொண்ணு போகணுமா? வெளிய போ! போய் டீலர்ங்களுக்கெல்லாம் போன் போட்டு விழா கிடையாதுன்னு சொல்லு. எதுக்குன்னு கேட்டா, என் மாமனார் ஒரு மடையன்னு சொல்லு!”

“மாமா, உங்க பொண்ணுகிட்ட நான்…”

“அவகிட்டயும் போன் போட்டுச் சொல்லு!”

மடிப்புக் கலையாத சட்டை கதவை நோக்கிப் போயிற்று. போகிற வேகத்தில் மடிப்புக் கலைந்திருந்தது.

முதலாளி மூச்சு வாங்கினார். முகத்தில் வியர்வை. ஆனால் பல வருஷங்களாக அடைத்துக்கொண்டிருந்த குழாய் திறந்தது மாதிரி ஒரு நிம்மதியும் தெரிந்தது. “புகார் கிடையாது இன்ஸ்பெக்டர்” என்றார்.

“நல்லது” என்று இன்ஸ்பெக்டர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். “டீ நல்லா இருந்துச்சு.”

“நாளைக்கு வேலைக்கு வருவியாம்மா?” முதலாளி தரையைப் பார்த்துக் கேட்டார்.

“வந்தா, இந்தச் சொட்டு எதுக்கும் உதவாதுன்னுதான் முதல் வேலையா எழுதுவேன் சார்.”

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எழுது.”

“அதுக்கு முன்னாடி கேன்டீனுக்கு வாங்க. சாப்பாட்டு நேரம், எல்லாரும் இருப்பாங்க. சொன்ன இடத்துலயே அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கணும்.”

கேன்டீனில் தட்டும் ஸ்பூனும் கலகலத்துக்கொண்டிருந்தன. முதலாளி நடுவில் போய் நின்றார். அண்ணியும் கொழுந்தனும் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்கள். அவர் கைகளைப் பிசைந்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். பிறகு, குழந்தை பாடம் ஒப்பிப்பது போல, வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தார். பக்கத்து மேஜையில் இருந்தவரே “என்ன சார்?” என்று நிமிர்ந்து பார்த்தார்.

ஆராய்ச்சிப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“கடைசி மேஜைக்குக் கேட்கலை சார்” என்றாள். “சத்தமாச் சொல்லுங்க.”

முதலாளி மூச்சை இழுத்துப் பிடித்தார். அந்தக் கட்டடம் அதுவரை அவர் வாயிலிருந்து கேட்டே இராத ஒரு விஷயத்தை, அதற்கு நன்றாகப் பழகியிருந்த அதே குரலில் கத்தினார்.

“இந்தப் பொண்ணு திருடலை! தப்பு என்னோடது!”